யாரையும் நம்பாமல் ஒரு பேரேடு

1995ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் ஒரு சிறிய அறிவிப்பு வாரந்தோறும் வரத் தொடங்கியது. தொலைந்த பொருள்கள், கிடைத்த பொருள்கள் பற்றிய விளம்பரங்களுக்கு நடுவே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான சரம் இருக்கும். அதைப் படித்துப் பொருள் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கொடுத்தது ஷ்யூரிட்டி என்ற சிறு நிறுவனம். அந்த வாரத்தில் அதனிடம் கால முத்திரைக்கு வந்த எல்லா மின்னணு ஆவணங்களும் சேர்ந்து அந்த ஒற்றை வரியில் அடங்கியிருந்தன.

உலகில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பிளாக்செயின் இதுதான். பிட்காயின் பிறக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. பிளாக்செயின் என்றதும் ஏறி இறங்கும் விலையும், பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கதையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பணம் இதற்குள் வந்தது பின்னால்தான். அதற்கு முன்பே கணித அறிஞர்களும் கணினி அறிஞர்களும் ஓர் எளிய, ஆனால் மிகக் கடினமான கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பதிவைப் பின்னால் யாரும் திருத்தவில்லை என்பதை, அதைக் காக்கும் ஆளை நம்பாமலேயே நிரூபிக்க முடியுமா?

நியூ ஜெர்சியில் பெல்கோர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் தேதியைத் திருத்தினால் மை காட்டிக்கொடுக்கும், சுரண்டிய தடம் தெரியும். கணினிக் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. தேதியை மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது. ஆவணங்களெல்லாம் கணினிக்குப் போகும் காலத்தில், எது எப்போது எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி யார்? ஒரு பொது அலுவலகம் முத்திரை குத்தித் தரலாம். அந்த அலுவலகமே விலைபோனால்? அதைக் கண்காணிக்க இன்னொன்று, அதற்கு மேல் மற்றொன்று என்று போனால் அதற்கு முடிவே இல்லை.

1991இல் வெளியான அவர்களுடைய ஆய்வுரை இந்த முடிச்சை அவிழ்த்தது. ஆவணங்களைத் தனித்தனியாகப் பூட்டிக் காக்காமல், ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும். பிணைத்த சங்கிலியின் நுனியைப் பலர் கண்ணிலும் படும்படி வெளியிட்டுவிட வேண்டும். பிறகு யாராவது ஓர் ஆவணத்தைத் திருத்த நினைத்தால், நாடெங்கும் வீடுகளிலும் நூலகங்களிலும் கிடக்கும் செய்தித்தாள் பிரதிகளையெல்லாம் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

இந்தப் பிணைப்பைச் சாத்தியமாக்குவது ஹாஷ் என்ற கணிதச் சார்பு. இன்று பெரிதும் பயன்படும் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2001இல் வெளியிட்ட முறை இது. ஒரு சொல்லைக் கொடுத்தாலும் ஒரு நூலகத்தையே கொடுத்தாலும், அது திருப்பித் தருவது 64 குறிகள் கொண்ட ஒரே நீளச் சரம்தான். அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே சரம்தான் வரும். ஆங்கிலத்தில் 'ஹலோ' என்ற சொல்லைச் சிறிய எழுத்துகளில் கொடுத்தால், வரும் சரம் 2சிஎஃப்24 என்று தொடங்கும். முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தால் 185எஃப்8 என்று தொடங்கும். மீதிக் குறிகளிலும் முன்னதற்கும் பின்னதற்கும் எந்த உறவும் தென்படாது. சரத்தைப் பார்த்து மூலத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரே சரத்தைத் தரும் இரண்டு உள்ளீடுகளை இதுவரை யாரும் கண்டதில்லை. வரக்கூடிய சரங்களின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும்.

இப்போது சங்கிலியைக் கோப்போம். முதல் தொகுதியில் சில பதிவுகள். அந்தத் தொகுதியின் ஹாஷை எடுத்து இரண்டாம் தொகுதிக்குள் எழுதுகிறோம். இரண்டாவதன் ஹாஷ் மூன்றாவதற்குள் போகிறது. இப்படியே ஆயிரம் தொகுதிகள் வளர்ந்த பிறகு, பத்தாவது தொகுதியில் ஒருவர் ஒரு காற்புள்ளியை மாற்றுகிறார் என்று வையுங்கள். பத்தாவதன் ஹாஷ் மாறிவிடும். பதினொன்றில் எழுதியிருப்பதோடு அது பொருந்தாது. பதினொன்றையும் திருத்தினால் பன்னிரண்டு இடிக்கும். கடைசித் தொகுதி வரை அத்தனையையும் மாற்றி எழுதியாக வேண்டும். அப்போதும் நுனி மாறியிருக்கும், வெளியிடப்பட்ட நுனியோடு அது ஒத்துப்போகாது.

ரால்ஃப் மெர்க்கிள் 1979இல் வகுத்த மர அமைப்பு இதற்கு இன்னும் வலு சேர்த்தது. ஆவணங்களின் ஹாஷ்களை இரண்டிரண்டாக இணைத்து, அந்த இணைகளை மறுபடி இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு ஹாஷ் மிஞ்சும். பத்து லட்சம் ஆவணங்கள் இருந்தாலும், அவற்றுள் உங்களுடையது ஒன்று என்று நிரூபிக்க வெறும் 20 ஹாஷ்களைக் காட்டினால் போதும்.

சங்கிலி கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த பக்கத்தை எழுதுவது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. ஊரில் சீட்டுப் பிடிப்பவர் ஒருவரே நோட்டை வைத்திருந்தால் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். சீட்டுப் போட்ட இருபது பேரும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டால் ஒருவர் ஏமாற்ற முடியாது. ஆனால் இருபது நோட்டிலும் ஒரே கணக்கு ஏற வேண்டுமே. சிலர் பொய் சொல்லலாம், சிலருக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேரலாம்.

கணினி அறிவியலில் இது பெயர்பெற்ற புதிர். 1982இல் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவரும் இதற்கு 'பைசாந்தியத் தளபதிகள்' என்று பெயர் சூட்டினார்கள். ஒரு கோட்டையை முற்றுகையிட்ட தளபதிகள் தூதர்கள் மூலம் மட்டுமே பேசிக்கொள்ள முடியும். அவர்களுக்குள் துரோகிகளும் இருக்கிறார்கள். அப்படியும் மற்றவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வர முடியுமா? இந்த ஆராய்ச்சி முளைத்த இடம் விமானக் கட்டுப்பாட்டுக் கணினிகள். பல கணினிகளில் ஒன்று பழுதாகி ஆளுக்கொரு பொய்யான அளவைச் சொன்னாலும் விமானம் விழாமல் இருக்க வேண்டும். தளபதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நேர்மையாக இருந்தால்தான் உடன்பாடு சாத்தியம் என்று அவர்கள் நிறுவினார்கள். ஒருவர் துரோகி என்றால் மொத்தம் நால்வராவது வேண்டும். மூவரால் முடியாது. 1999இல் எம்ஐடியைச் சேர்ந்த மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் இதை வேகமாகச் செய்து முடிக்கும் நடைமுறை ஒன்றைத் தந்தார்கள்.

இந்தத் தீர்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மொத்தம் எத்தனை பேர், யார் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் அது நடக்காது. ஒரே ஆள் ஆயிரம் பெயர்களில் வந்து ஆயிரம் வாக்குப் போடலாம்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான, பிட்காயினை முன்வைத்த ஒன்பது பக்க ஆய்வுரை இந்தத் தடையைத் தாண்டியது. அதன் மேற்கோள் பட்டியலில் இருந்தவை எட்டே எட்டு. அவற்றுள் மூன்று ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் எழுதியவை. நகமோட்டோ எடுத்தாண்ட இன்னொரு கருத்தும் பழையதே. மின்னஞ்சல் குப்பையைத் தடுக்க, அனுப்புபவரின் கணினியை ஒரு கடினமான கணக்கைப் போட வைக்கலாம் என்று சிந்தியா டுவொர்க்கும் மோனி நாவோரும் 1992இலேயே சொல்லியிருந்தார்கள். ஆடம் பேக் 1997இல் அதை ஹேஷ்கேஷ் என்ற பெயரில் செய்து காட்டினார்.

நகமோட்டோ இவற்றை ஒன்றாக இணைத்தார். தலைக்கு ஒரு வாக்கு என்பதற்குப் பதிலாகச் செய்த வேலைக்கு ஏற்ப வாக்கு. அடுத்த தொகுதியை எழுத விரும்புபவர், அதோடு ஓர் எண்ணைச் சேர்த்து ஹாஷ் எடுக்க வேண்டும். வரும் சரம் குறிப்பிட்ட அளவு பூஜ்யங்களோடு தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் எண்ணை மாற்றி மறுபடி முயல வேண்டும். குறுக்கு வழி எதுவும் இல்லை. கண்டுபிடிப்பதற்கு எண்ணற்ற முயற்சிகள் வேண்டும், கண்டுபிடித்ததைச் சரிபார்க்க ஒரு முறை ஹாஷ் எடுத்தால் போதும். முதலில் கண்டுபிடிப்பவருக்குப் புதிய நாணயங்கள் பரிசு. 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கின் கடினம் தானாக மாறிக்கொள்ளும். எவ்வளவு கணினிகள் சேர்ந்தாலும் விலகினாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி என்ற தாளம் பெரிதும் குலையாது. 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட முதல் தொகுதிக்குள் அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் ஒரு தலைப்புச் செய்தி பொதிந்து வைக்கப்பட்டது. அந்தத் தொகுதி அந்தத் தேதிக்கு முன்பே தயாரானதல்ல என்பதற்கு அது சாட்சி.

நிரூபணம் இல்லாமலேயே இயங்கத் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் பிறகுதான் கையில் எடுத்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் இட்டாய் எயாலும் எமின் குன் சிரரும் 2013இல் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட கணினி வலிமை நேர்மையானவர்களிடம் இருந்தால் போதும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். கண்டுபிடித்த தொகுதியை உடனே வெளியிடாமல் பதுக்கும் தந்திரத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலிமை வைத்திருப்பவரே தம் பங்குக்கு மீறிய பலனை அடைய முடியும் என்று இவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2015இல் ஹுவான் கராய், அக்கெலோஸ் கியாயியாஸ், நிகோஸ் லியோனார்தோஸ் ஆகியோர் பிட்காயினின் அடிப்படை நெறிமுறையைக் கணித மொழியில் வடித்து, எந்த நிபந்தனைகளில் அது பாதுகாப்பானது என்று நிறுவினார்கள். சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தம் சகாக்களோடு இதைப் பாடமாக நடத்தினார். அவர்கள் 2016இல் எழுதிய பாடநூல் இத்துறைக்குள் நுழையும் மாணவர்களுக்கு வாசலாக அமைந்தது.

ஆராய்ச்சியாளர்கள் முன் நின்ற பெரிய சிக்கல் மின்சாரம். கோடிக்கணக்கான ஹாஷ் முயற்சிகளுக்காக பிட்காயின் இன்று ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டுக்கும் மேல் விழுங்குகிறது என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு. பல நாடுகள் ஓராண்டு முழுவதும் செலவிடுவதைவிட இது அதிகம். இதற்கு மாற்று, கணினி வலிமைக்குப் பதிலாகப் பிணைத்தொகையை வைப்பது. எழுதும் உரிமை வேண்டுபவர் தம் நாணயங்களைப் பிணையாகக் கட்டுகிறார், ஏமாற்றினால் அதை இழக்கிறார். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் இதன் பாதுகாப்பை நிரூபிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2017இல் கியாயியாஸ் குழுவினர் ஔரோபோரோஸ் என்ற முறையை முறையான நிரூபணத்தோடு வெளியிட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று, உலகின் இரண்டாவது பெரிய பொதுச் சங்கிலியான எத்தீரியம் ஒரு கணமும் நிற்காமல் பிணைமுறைக்கு மாறியது. அதன் மின் செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஓடுகிற ரயிலில் இருந்தபடியே இன்ஜினை மாற்றிய சாதனை அது.

இன்னொரு சிக்கல் அந்தரங்கம். எல்லோர் கையிலும் பேரேடு இருந்தால் எல்லோர் கணக்கும் எல்லோருக்கும் தெரியுமே? இதற்கும் விடை பழைய ஆராய்ச்சியில்தான் கிடைத்தது. ஷஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்ல்ஸ் ராக்காஃப் ஆகியோர் 1985இல் முன்வைத்த கருத்து அது. ஒரு கூற்று உண்மை என்பதைத் தவிர வேறு எதையுமே வெளிப்படுத்தாமல் அதை நிரூபிக்க முடியும் என்றார்கள். பிறந்த தேதியைக் காட்டாமலேயே 18 வயது நிரம்பியவர் என்று நிறுவலாம். முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஆய்விதழ்களுக்குள்ளேயே வாழ்ந்த இந்தக் கருத்து, 2016இல் ஸீகேஷ் என்ற நாணயத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகள் சரியாக நடந்தன என்பதற்கு ஒரே ஒரு சிறு நிரூபணத்தைத் தருவதற்கும் இன்று இது பயன்படுகிறது. பிளாக்செயின் ஆராய்ச்சி உலகுக்குத் தந்த மிகப் பெரிய கொடை இதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆராய்ச்சி இவ்வளவு வளர்ந்தது. பயன்பாடு எப்படி?

வெற்றி எங்கே, தோல்வி எங்கே என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எஸ்தோனியா 2007இல் பெரும் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. 2012 முதல் அந்நாட்டு அரசுப் பதிவேடுகள் ஹாஷ் பிணைப்பு முறையால் காக்கப்படுகின்றன. குடிமக்களின் மருத்துவக் குறிப்புகளையோ நிலப் பத்திரங்களையோ சங்கிலியில் ஏற்றவில்லை. அவற்றின் ஹாஷ் மட்டுமே ஏறுகிறது. உள்ளே வேலை செய்யும் அதிகாரியே ஒரு பதிவைத் திருத்தினாலும் அது அம்பலமாகும். ஜார்ஜியா நாடு 2016இல் நிலப் பதிவுகளுக்கு இதைக் கொண்டுவந்தது. அங்கே நிலப் பதிவேடு அதற்கு முன்பே சீர்செய்யப்பட்டுக் கணினிக்கு வந்திருந்தது. ஒழுங்கான பதிவேட்டின் மேல் போட்ட பூட்டு என்பதால் வேலை செய்தது.

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் ஐபிஎம்முடன் சேர்ந்து மாம்பழத் துண்டுகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. கடையில் இருந்த ஒரு பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, பழைய முறையில் ஏறக்குறைய ஏழு நாள் ஆயிற்று. எல்லாப் பதிவும் ஒரே பேரேட்டில் இருந்தபோது 2.2 வினாடி. கெட்டுப்போன உணவால் நோய் பரவும் நேரத்தில் இந்த ஏழு நாள் உயிர்களைக் காக்கும் ஏழு நாள்.

தோல்விகளும் பெரியவை. கப்பல் சரக்கு ஆவணங்களுக்காக மேர்ஸ்க் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ், 2022 நவம்பரில் மூடுவிழா அறிவித்தது. தொழில்நுட்பம் இயங்கியது, ஆனால் உலகளாவிய ஒத்துழைப்பு வரவில்லை. போட்டி நிறுவனம் நடத்தும் பேரேட்டில் தங்கள் சரக்கு விவரத்தை எழுத மற்றவர்கள் தயங்கினார்கள். அதே மாதம் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை, பல ஆண்டுகள் உழைத்த தன் பிளாக்செயின் திட்டத்தைக் கைவிட்டு, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை இழப்பாக எழுதிக்கொண்டது.

நம் கையில் இருக்கும் கைபேசியிலும் இதன் ஒரு பயன்பாடு ஓசையில்லாமல் நடக்கிறது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறுஞ்செய்தியைத் திறந்து, அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். முதலில் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஒன்று செய்தியை எடுத்துவரும் நிறுவனத்தையும் மற்றொன்று தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். அடுத்து வங்கி பதிவுசெய்த பெயர். கடைசியில் ஒற்றை எழுத்து: டி என்றால் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம், ஜி என்றால் அரசு. இந்தப் பெயரும், செய்தியின் வாசக வார்ப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பிளாக்செயின் பேரேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும் என்பது 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி. வார்ப்போடு பொருந்தாத செய்தி உங்களை வந்தடையக் கூடாது. 2021 மார்ச்சில் இந்தச் சரிபார்ப்பை முழுமையாக அமல்படுத்தியதும், பதிவுசெய்யாத நிறுவனங்களின் ஓடிபிகள் நாடு முழுவதும் தடைபட்டன. டிராய் ஏழு நாள் அவகாசம் தர நேர்ந்தது.

ஏன் இதற்கு பிளாக்செயின்? ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் எல்லாம் ஒன்றுக்கொன்று போட்டி. எந்த ஒன்றிடமும் பொதுப் பேரேட்டை ஒப்படைக்க மற்றவை சம்மதிக்க மாட்டா. ஆனால் எல்லோருக்கும் ஒரே பட்டியல் வேண்டும். தளபதிகளின் புதிர் அச்சாகப் பொருந்தும் இடம் இது. இருந்தும், பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வரும் மோசடிச் செய்தியை இது தடுக்காது. அந்த அனுப்புநர் பேரேட்டுக்குள் வரவே இல்லையே.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடமே உண்டு. பிட்காயின் சங்கிலி ஒரு நொடியில் ஏழு பரிவர்த்தனைகள் அளவுக்குத்தான் தாங்கும். நம் யுபிஐ 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது, அதாவது சராசரியாக நொடிக்கு ஏழாயிரத்துக்கும் மேல். யுபிஐ ஓடுவது பிளாக்செயினில் அல்ல. வங்கிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒரு பொது அமைப்பு நடுவில் இருக்கிறது, அதை ரிசர்வ் வங்கி கண்காணிக்கிறது. நம்பத்தக்க நடுவர் ஒருவர் இருக்கும் இடத்தில் இந்தச் சங்கிலி வீண் சுமை.

முப்பது ஆண்டு ஆராய்ச்சி நமக்குச் சொல்வதை ஒரே வரியில் சொல்லலாம்: பிளாக்செயின் பொய்யைத் தடுக்காது, எழுதியதை மாற்றினால் காட்டிக்கொடுக்கும். இயற்கை உரத்தில் விளைந்தது என்று ஒருவர் பொய்யாக எழுதினால், அந்தப் பொய்யும் அழியாமல் அப்படியே நிற்கும். திருத்த முடியாதது என்ற பெருமைக்கும் எல்லை உண்டு. 2016 ஜூனில் எத்தீரியத்தில் 'தி டிஏஓ' என்ற திட்டத்தின் நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் 36 லட்சம் ஈதர் நாணயங்களைத் திருப்பிவிட்டார். பெரும்பான்மையோர் கூடி, அந்தத் திருட்டின் விளைவை நீக்கிப் புதிய கிளையாகச் சங்கிலியைத் தொடர்ந்தார்கள். ஏற்காதவர்கள் பழைய கிளையிலேயே நின்றார்கள். இரண்டும் இன்றுவரை ஓடுகின்றன. கணிதத்தின் மேல் நிற்கும் பேரேட்டுக்கும் கடைசித் தீர்ப்பு மனிதர்களிடமிருந்துதான் வந்தது.

ஆகவே, 'பிளாக்செயின்' என்று பெயர் சூட்டிய ஒரு திட்டத்தை யாராவது உங்கள் முன் வைத்தால், அது அரசுத் திட்டமானாலும் முதலீட்டு அழைப்பானாலும், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பேரேட்டில் எழுதப்போகிறவர்கள் ஒருவரா, பலரா? பலர் என்றால், எல்லோரும் நம்பும் பொது நடுவர் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறாரா? எழுதும் தருணத்தில் அது உண்மைதானா என்று சரிபார்ப்பது யார்? எழுதுபவர் ஒருவரே என்றால், ஹாஷ்களைப் பொதுவில் வெளியிடுவதே போதும். நடுவர் இருக்கிறார் என்றால், சாதாரணத் தரவுத்தளம் போதும். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லை என்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.